தீயை ஊதும் வாயும் படம் பிடிக்கும் கையும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தீக்காயச் சிகிச்சைப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றிய அறுவை மருத்துவன் என்ற முறையில் இன்று உங்களிடம் பேச அழைக்கப்பட்டிருக்கிறேன். எங்கள் பிரிவுக்கு வருபவர்களில் மிகப் பலர் அடுப்படியிலும் தொழிற்கூடத்திலும் விபத்துக்கு உள்ளானவர்கள். அவர்களுக்கிடையே வேறு சிலரும் வந்து சேர்கிறார்கள். பள்ளி மேல்வகுப்பிலோ கல்லூரியிலோ படிக்கும் வயது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் துளியும் இல்லாதவர்கள். நண்பர்கள் பார்த்துக் கைதட்ட வேண்டும் என்பதற்காக வாயில் மண்ணெண்ணெயை வைத்துத் தீப்பந்தத்தின் மீது ஊதியவர்கள், உள்ளங்கையில் சானிடைசரைத் தேய்த்துக் கொளுத்திக்கொண்டவர்கள், எரியும் கையால் ஓடுகளை உடைக்க முயன்றவர்கள். இவர்களைப் பற்றியும், இவர்களைச் சுற்றி நின்றவர்களைப் பற்றியுமே இன்று பேச விரும்புகிறேன்.

இந்த ஆசையை அறிவீனம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட எனக்கு மனம் வருவதில்லை. நம் ஊர்களில் வளரும் பையன் நினைவு தெரிந்த நாள் முதல் நெருப்பைத் தொட்டவர்கள் மதிக்கப்படுவதைப் பார்த்தே வளர்கிறான். மாரியம்மன் கோயில் திருவிழாவில் தீச்சட்டி ஏந்தி வருபவருக்கு ஊரே ஒதுங்கி வழிவிடுகிறது. பூக்குழி இறங்கியவரின் காலில் பெரியவர்களும் விழுந்து வணங்குகிறார்கள். சிலம்பக் கம்பின் இரு முனைகளிலும் தீப்பந்தம் எரிய, அதைச் சுழற்றும் இளைஞனைச் சுற்றி இருட்டில் ஒரு நெருப்பு வளையம் உருவாகும்போது எந்தச் சிறுவனுக்குத்தான் தானும் அந்த வளையத்தின் நடுவில் நிற்க வேண்டும் என்று தோன்றாது? அது அழகு, அதில் வீரமும் இருக்கிறது. அந்த அழகை மறுத்துப் பேசும் எந்த அறிவுரையும் அவன் காதில் ஏறாது.

ஆனால் அவன் பார்ப்பது திருவிழா இரவை மட்டுமே. தீப்பந்தம் கையில் தரப்படுவதற்கு முன் வெறுங்கம்பை ஆண்டுக்கணக்கில் சுற்ற வைத்த ஆசானை அவன் பார்ப்பதில்லை. நனைத்த சாக்குடன் ஓரமாக நிற்பவர்கள் அவன் கண்ணில் படுவதில்லை. பூக்குழியைப் பற்றியும் ஒன்றைச் சொல்ல வேண்டும்; பக்தியைக் குறைத்துப் பேசுவதாக யாரும் எண்ண வேண்டாம். சாம்பல் பூத்த மரக்கரி வெப்பத்தை மெல்லத்தான் கடத்தும். நடப்பவரின் பாதம் ஒவ்வோர் அடியிலும் ஒரு நொடிக்கும் குறைவாகவே கனல்மேல் படுகிறது. தடுக்கி விழுந்தவர்களும் நடுவில் நின்றுவிட்டவர்களும் கடுமையாகக் காயமடைவது இதனால்தான். தோலின் மீது எரியும் திரவமோ அடுத்த அடி எடுத்து வைத்தால் விட்டுப் போவதில்லை. அது ஒட்டிக்கொண்டு, தான் தீரும்வரை எரிகிறது.

சாகசம் செய்யும் பையன்கள் தழலைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், அல்லது பயத்தை வென்றுவிட்டதாக நினைக்கிறார்கள். இரண்டிலும் கவனம் தழலின் மீதுதான். உண்மையில் எரிவது கண்ணுக்குத் தெரியாத ஆவி. மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடானால்தான் தீப்பற்றும் அளவுக்கு ஆவியை வெளியிடும். ஆகவே கிண்ணத்தில் இருக்கும் மண்ணெண்ணெய் தீக்குச்சியைக் கண்டதும் பற்றிக்கொள்வதில்லை. அதையே வாயால் ஊதி நுண்துளிகளாகச் சிதறடித்தால் உடனே பற்றுகிறது. உதட்டிலும் தாடையிலும் வழிந்து சட்டையில் ஊறியதும் அப்படித்தான். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சி எரிவது போலத் துணி அதை உறிஞ்சி எரிகிறது. ஊதும் மூச்சு தளரும் கணத்திலோ, எதிர்க்காற்று அடிக்கும் கணத்திலோ தழல் திரும்பி முகத்துக்கு வரும்போது அங்கே அதற்கான எரிபொருள் ஏற்கெனவே காத்திருக்கிறது.

பெட்ரோலின் கதை வேறு. அது ஏறத்தாழ மைனஸ் 40 டிகிரியிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை வெளியிடத் தொடங்கிவிடுவதால், நம் ஊர் வெயிலில் எந்நேரமும் ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, பள்ளங்களில் தேங்கி, பத்தடி தள்ளி நிற்பவரின் காலடி வரை சேர்ந்துவிடும். எங்கோ ஓரிடத்தில் பொறி விழுந்தால் தரைவழியே ஓடிவரும் தீ எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. முன்பு வீடுகளில் மண்ணெண்ணெய் இருந்தது. ரேஷன் கடைகளில் அதன் ஒதுக்கீடு வெகுவாகக் குறைந்து, வீடுதோறும் எரிவாயு வந்துவிட்ட பிறகு, பையன்கள் கைக்கு எளிதில் கிடைப்பது இருசக்கர வாகனத்தின் தொட்டியில் இருக்கும் பெட்ரோல்தான். இரண்டும் ஒன்றுதானே என்று அவர்கள் நினைக்கிறார்கள். இந்த ஓர் எண்ணம் செய்திருக்கும் கேடு கொஞ்சநஞ்சமில்லை.

கொரோனா காலத்துக்குப் பிறகு சானிடைசரும் இந்த வரிசையில் சேர்ந்துகொண்டது. ஆல்கஹாலின் தழல் வெளிறிய நீலம். பகல் வெளிச்சத்தில் சரியாகத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் ஊற்றுவதற்காகப் புட்டியைச் சாய்க்கும்போது, தழல் புட்டிக்குள் பாய்ந்து, உள்ளே இருக்கும் திரவத்தை எரியும் பீச்சாக எதிரே நிற்பவர்கள் மீது உமிழ்ந்துவிடும். இதற்கு அனுபவம் இல்லாதவர்கள்தான் பலியாகிறார்கள் என்றும் சொல்வதற்கில்லை. 2014 செப்டம்பர் 3 அன்று, அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ரீனோ நகரில் உள்ள ஓர் அறிவியல் அருங்காட்சியகத்தில், பார்வையாளர்களுக்கு முன்னால் நெருப்புச் சுழலைச் செய்துகாட்டிக்கொண்டிருந்தபோது மெத்தனால் என்ற ஆல்கஹால் இவ்வாறே பற்றிக்கொண்டது. எதிரே அமர்ந்து வேடிக்கை பார்த்த சிறுவர்களும் காயமடைந்தார்கள்.

நம் ஊரிலும் அப்படி ஒரு நிகழ்ச்சி உண்டு. 2024 ஜூன் 22 அன்று, சென்னை நீலாங்கரையில் நடிகர் ஒருவரின் பிறந்தநாள் விழா மேடையில், ஒரு சிறுவன் கையில் தீயை வைத்துக்கொண்டு ஓடுகளை உடைக்கும் சாகசத்தைச் செய்துகாட்டினான். ஓடுகள் உடைந்தன, கையில் இருந்த தீ மட்டும் அணையவில்லை. சிறுவனுக்கும் அருகே இருந்த ஒருவருக்கும் தீக்காயம் ஏற்பட்டது. அந்தச் சிறுவன்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அவன் பயிற்சி பெற்றவன், துணிச்சல்காரன். அவன் கையில் தீயை வைக்கலாம் என்று முடிவு செய்த பெரியவர்கள், அதை அணைக்க என்ன வைத்திருந்தார்கள் என்பதுதான் என் கேள்வி. ஈரக் கம்பளமோ, அணைப்பானோ, எரிபொருளை மேடையிலிருந்து தள்ளி வைக்கும் எளிய எச்சரிக்கையோ இல்லாத இடத்தில் ஒரு குழந்தையின் துணிச்சல் அவனை எப்படிக் காக்கும்?

திரைப்படங்களில் உடல் முழுவதும் தீப்பற்றி ஓடுபவர்களைப் பார்த்துவிட்டு, அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா என்று கேட்கும் இளைஞர்கள் உண்டு. அவர்கள் தீப்பிடிக்காத இழைகளால் ஆன ஆடைகளை அடுக்கடுக்காக உடுத்தி, தோலில் குளிர்ந்த கூழைப் பூசி, மூச்சை அடக்கிக்கொண்டு, எண்ணிச் சில நொடிகளே எரிகிறார்கள். சட்டகத்துக்கு வெளியே அணைப்பான்களுடன் ஒரு குழு நிற்கிறது. இவ்வளவு ஏற்பாடு இருந்தும் தவறுகள் நேர்கின்றன. 1984 ஜனவரி 27 அன்று, லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் குளிர்பான விளம்பரம் ஒன்றின் படப்பிடிப்பில், வாணவேடிக்கைப் பொறி பட்டு மைக்கேல் ஜாக்சனின் தலைமுடி பற்றிக்கொண்டது. உச்சந்தலையில் ஆழமான தீக்காயம் ஏற்பட்டது. தலை எரிவது தெரியாமலே அவர் சில நொடிகள் ஆடிக்கொண்டிருந்தார்.

நுரையீரலைப் பற்றி இங்கே சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இது பெரும்பாலும் தெரிவதில்லை. வாயில் மண்ணெண்ணெயை வைத்து ஊதுபவனுக்கு ஒரு தழல்கூட முகத்தில் படாமல் இருக்கலாம். ஆட்டம் வெற்றி, நண்பர்கள் தோளில் தூக்குகிறார்கள். ஊதுவதற்கு முன் ஆழ்ந்து மூச்சு இழுத்தபோதோ, சிரிப்பு வந்து புரையேறியபோதோ, ஒரு சிறு அளவு மூச்சுக்குழலுக்குள் இறங்கியிருக்கும். மண்ணெண்ணெய் தண்ணீரைவிட மிக எளிதாகப் பரவும் திரவம். நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் வரை சென்று, அவை ஒட்டிக்கொள்ளாமல் விரிந்திருக்க உதவும் மெல்லிய படலத்தைக் கெடுத்துவிடுகிறது. சில மணி நேரத்தில், சிலருக்கு மறுநாள், இருமலும் நெஞ்சுவலியும் கடும் காய்ச்சலும் தொடங்குகின்றன. இதற்கு மருத்துவ நூல்களில் தீ ஊதுவோரின் நிமோனியா என்றே தனிப் பெயர் இருக்கிறது. பலர் தேறிவிடுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் வாரக்கணக்கில் மூச்சுத்திணறலோடு கிடப்பவர்களும், நுரையீரலில் சீழ் கட்டுபவர்களும் அவர்களுக்குள் உண்டு.

தோலைப் பொறுத்தவரை கணக்கு எளிது. 70 டிகிரி வெப்பம் ஒரு நொடி பட்டாலே ஆழமான காயம் உண்டாகும்; எரியும் பெட்ரோலின் தழலோ அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் சூடானது. அதன் மேல் பாலியெஸ்டர் சட்டை அணிந்திருந்தால் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்கிறது. நாங்கள் அதைத் தோலோடு சேர்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. தொடையிலிருந்து மெல்லிய தோலை எடுத்துக் கழுத்திலும் கையிலும் ஒட்டுகிறோம். ஒட்டிய தோல் சுருங்கும். விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். கழுத்து மார்போடு இழுபடும். அதைத் தடுக்க இறுக்கமான அழுத்த ஆடையை நாள் முழுவதும், மாதக்கணக்கில், பல நேரங்களில் ஓராண்டுக்கும் மேலாக அணிந்திருக்க வேண்டும். நம் ஊர்க் கோடையில் அந்த ஆடையோடு பேருந்தில் கல்லூரிக்குப் போகும் ஒரு பையனின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

இனி, சுற்றி நிற்பவர்கள். 2005இல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணினித் திரையில் கார் ஓட்டும் ஒரு விளையாட்டைப் பதின்ம வயதினரிடமும், சற்று மூத்த இளைஞர்களிடமும், முதிர்ந்தவர்களிடமும் தனித்தனியே கொடுத்தார்கள்; சிலரைத் தனியாகவும், சிலரை நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் ஆட வைத்தார்கள். நண்பர்கள் அருகில் இருந்தபோது பதின்ம வயதினர் மிகுதியாக ஆபத்தை மேற்கொண்டார்கள். முதிர்ந்தவர்களிடம் அந்த வேறுபாடு ஏறக்குறைய இல்லை. தனியே இருந்தால் நிதானமாக இருக்கும் அதே பையன், நான்கு பேர் பார்த்தால் வேறொருவனாகிவிடுகிறான். நான்கு பேர் பார்ப்பதே போதும் என்றால், கைப்பேசி வழியே நாலாயிரம் பேர் பார்க்கப் போகிறார்கள் என்ற நினைப்பு என்ன செய்யும்?

2023 தீபாவளியை ஒட்டித் திருச்சிராப்பள்ளி அருகே, வாகனத்தின் முன்பகுதியில் வாணவெடிகளைக் கட்டிக் கொளுத்தி, முன்சக்கரத்தைத் தூக்கியபடி ஓட்டிய காணொளி நாடெங்கும் பரவியது. காவல்துறை கைது செய்தது. அந்த வாகனத்தை ஓட்டியவர் ஒருவர்தான். படம் பிடித்த கை வேறு. படம் பிடிக்க யாருமே இல்லையென்றால் அந்தச் சாகசம் நடந்திருக்குமா? நெருப்பைக் கையாள்வதில் பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி அலட்சியமாக நடப்பது நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 287ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். சட்டத்தின் அச்சம் ஓரளவுக்கே உதவும். கைப்பேசியைப் பிடித்திருக்கும் நண்பன் அதைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, நான் எடுக்க மாட்டேன் என்று சொன்னால், நான் பார்த்த நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை அந்த இடத்திலேயே நின்றிருக்கும் என்று நம்புகிறேன். ஆகவே என் வேண்டுகோள் தீயை ஊதப் போகிறவனிடம் இல்லை. அந்த நேரத்தில் அவன் யார் சொல்வதையும் கேட்கும் நிலையில் இருப்பதில்லை. படம் பிடிக்கப் போகும் தம்பி, தங்கையிடம்தான் கேட்கிறேன்.

தடுக்க முடியாமல் போய்விட்டால், அடுத்த சில நிமிடங்களும் அந்த நண்பன் கையில்தான் இருக்கின்றன. உடை பற்றிக்கொண்டவனை ஓடவிடாதீர்கள்; தரையில் படுக்க வைத்து உருட்டுங்கள், அல்லது பருத்திப் போர்வையால் மூடி அணையுங்கள். பிறகு குழாய்த் தண்ணீரைக் காயத்தின் மீது இருபது நிமிடம் விடுங்கள், பனிக்கட்டி வேண்டாம். மோதிரம், கைக்கயிறு, கடிகாரம் ஆகியவற்றை வீக்கம் வருவதற்குள் கழற்றிவிடுங்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்க வேண்டாம். பற்பசை, மை, மஞ்சள், இட்லி மாவு என்று வீட்டில் எது கைக்குக் கிடைத்தாலும் தடவுவது நம் வழக்கம். அதைச் சுரண்டிக் கழுவிய பிறகே காயத்தின் ஆழத்தை எங்களால் பார்க்க முடிகிறது. மண்ணெண்ணெய் உள்ளே போயிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வெளியே வரும் வழியில் அது மறுபடியும் மூச்சுக்குழலுக்குள் இறங்கும். இருமல் இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். 108ஐ அழையுங்கள்.

வந்த பிறகு எங்களிடம் உண்மையைச் சொல்லுங்கள். வீட்டாருக்கும் காவல்துறைக்கும் பயந்து, அடுப்பு வெடித்தது என்றும் பட்டாசு பட்டது என்றும் சொல்லும் பிள்ளைகள் பலர். எந்தத் திரவம், எவ்வளவு, வாய்க்குள் போனதா, எத்தனை நொடி எரிந்தது, மூடிய அறையா திறந்த வெளியா என்பவை தெரிந்தால்தான், முகம் நன்றாக இருக்கும் ஒருவனின் நுரையீரலை உடனே கவனிக்க வேண்டுமா, தொண்டை வீங்குவதற்குள் மூச்சு விடச் செயற்கைக் குழாய் பொருத்த வேண்டுமா என்று எங்களால் முடிவு செய்ய முடியும். பயத்தில் அந்தக் காணொளியை அழித்துவிடாதீர்கள். யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். அவசரப் பிரிவில் முதலில் வரும் மருத்துவரிடம் கைப்பேசியைக் கொடுத்து, அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.