புகார் நின்றதா, குறை நின்றதா?

வணக்கம் நேயர்களே.

பவுண்டரி, மெஷின் ஷாப், பம்ப்செட் யூனிட் என்று எங்கே போனாலும் தரப்பிரிவு மேஜையில் ஒரு ஃபைல் இருக்கும். என்ன குறை வந்தது, காரணம் என்ன, என்ன திருத்த நடவடிக்கை எடுத்தோம், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்று கட்டம் போட்ட தாள்கள் அதில் இருக்கும். கடைசிக் கட்டம், எடுத்த நடவடிக்கை பலன் தந்ததா என்று கேட்கும். பெரும்பாலான தாள்களில் அங்கே ‘ஆம்’ என்று ஒரு சொல் இருக்கும். இல்லாவிட்டால் ‘மூன்று மாதமாகப் புகார் இல்லை, முடிக்கப்பட்டது’ என்று ஒரு வரி இருக்கும். அந்தக் கடைசிக் கட்டத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

தர மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 9001. அதன் 2015-ஆம் ஆண்டுப் பதிப்பில் 10.2 என்ற பிரிவு, எடுத்த திருத்த நடவடிக்கை பலன் தந்ததா என்று மறுபடி பார்க்கச் சொல்கிறது. பலன் என்றால் என்ன என்பதை அதன் சொற்களுக்கான துணைத் தரநிலை ஐஎஸ்ஓ 9000 வரையறுக்கிறது. திட்டமிட்ட வேலைகள் எந்த அளவுக்கு நடந்தன, திட்டமிட்ட விளைவு எந்த அளவுக்குக் கிடைத்தது என்று அதில் இரண்டு பாதி உண்டு. நாம் ஃபைலில் சேர்க்கும் சான்றுகளைப் பாருங்கள். புதிய வேலைக் குறிப்பின் நகல், பயிற்சிக்கு வந்தவர்களின் கையெழுத்துப் பட்டியல், மாற்றிய ஜிக்கின் (துண்டைப் பிடித்து நிறுத்தும் சாதனம்) போட்டோ. எல்லாமே முதல் பாதிக்கான சான்றுகள். வேலை நடந்தது என்று அவை காட்டும். குறை போனதா என்பதற்கு அவற்றில் பதில் இல்லை.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பவுண்டரி மாதம் 2000 பம்ப் வார்ப்புகள் ஊற்றுகிறது என்று வையுங்கள். புளோ ஹோல், அதாவது வாயு சிக்கி உண்டாகும் துளை, என்ற குறையால் சராசரியாக மாதம் 40 வார்ப்பு தள்ளுபடியாகிறது, உதவாது என்று ஒதுக்கப்படுகிறது. அதாவது 2 சதவீதம். ஒரு மாதம் அது 56 ஆகிவிடுகிறது. முதலாளி கூப்பிட்டுக் கேட்கிறார், கூட்டம் போடுகிறார்கள், நடவடிக்கை எடுக்கிறார்கள். அடுத்த மாதம் 30. தள்ளுபடி 46 சதவீதம் குறைந்தது என்று எழுதித் தாளை மூடிவிடுகிறார்கள்.

பேப்பரும் பேனாவும் பக்கத்தில் இருந்தால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சராசரி 40. நல்ல வார்ப்பின் பங்கு 0.98. இரண்டையும் பெருக்கினால் 39.2. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 6.3. அதைப்போல் மூன்று பங்கு, சுமார் 19. நாற்பதிலிருந்து 19-ஐக் கழித்தால் 21, கூட்டினால் 59. பவுண்டரியில் எதையுமே மாற்றாமல் விட்டிருந்தாலும் மாதாந்திரத் தள்ளுபடி 21-க்கும் 59-க்கும் நடுவில் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கும். அந்த 56-ம் இதற்குள் அடக்கம், 30-ம் இதற்குள் அடக்கம். 1924-இல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியில் இருந்த வால்டர் ஷூவார்ட் வரைந்து காட்டிய கட்டுப்பாட்டு வரைபடத்தின் கணக்கு இதுதான். நூறு வருஷம் ஆகிவிட்டது. கால்குலேட்டர் இருந்தால் இரண்டு நிமிஷ வேலை. இதைப் போடாமல் ‘46 சதவீதம்’ என்று அறிக்கை எழுதுவது எனக்கு ஏற்புடையதாகவே இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். நடவடிக்கையை எப்போது தொடங்குகிறோம்? மாதம் மிக மோசமாக இருக்கும்போது. காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போதுதான் கஷாயம் வைக்கிறோம். அது தானாக இறங்கினாலும் பெயர் கஷாயத்துக்குத்தான் போகும். அதனால் ஒரு மோசமான மாதத்தையும் அதற்கு அடுத்த மாதத்தையும் மட்டும் ஒப்பிடவே கூடாது. நடவடிக்கைக்கு முந்தைய ஆறு மாதமாவது, முடிந்தால் ஒரு வருஷம், கணக்கில் இருக்க வேண்டும். மாதக் கணக்கை வாரக் கணக்காகப் பிரித்துக்கொண்டால் விடையும் சீக்கிரம் தெரியும். வாரம் 500 வார்ப்பு, சராசரித் தள்ளுபடி 10. நடவடிக்கைக்குப் பிறகு தொடர்ந்து எட்டு வாரம் பத்துக்குக் கீழேயே புள்ளி விழுந்தால், அது தற்செயலாக அமைய வாய்ப்பு ஏறத்தாழ 256-இல் ஒன்று. அப்போது மாற்றம் உண்மை என்று துணிந்து சொல்லலாம். அதே விதியை மாதப் புள்ளிகளில் வைத்துப் பார்த்தால் எட்டு மாதம் காத்திருக்க வேண்டும்.

எண்ணிக்கை குறைவதற்கு முன்பே பார்க்கக்கூடிய இன்னொரு சான்று உண்டு. அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். காரணம் போனதா என்பதுதான் அது. நம் பவுண்டரியில் புளோ ஹோலுக்குக் காரணம் மோல்டு, அதாவது அச்சு, செய்யும் மண்ணில் ஈரம் கூடியது என்று முடிவு செய்தார்கள் என்று வையுங்கள். மல்லர் என்ற மண் கலக்கும் இயந்திரத்தில் மண் அரைக்கும் ஆள் குழாயைத் திறந்து கண் மதிப்பில் தண்ணீர் விடுகிறார். மழை நாளில் மண் ஏற்கெனவே நனைந்திருக்கும், அன்றும் அதே அளவுதான் விடுகிறார். உருகிய இரும்பு மோல்டில் இறங்கும்போது அந்த ஈரம் ஆவியாகிறது. மண்ணுக்குள் நுழைந்து வெளியேற வழியில்லாத ஆவி உலோகத்துக்குள் சிக்கித் துளையாக நிற்கிறது. நடவடிக்கை என்ன? அளந்து விடும் வால்வு பொருத்தினார்கள். வால்வு பொருத்திய போட்டோ ஃபைலில் இருக்கிறது. ஆனால் மண்ணின் ஈரம் இப்போது எவ்வளவு?

இதற்குக் கார்பைடு போட்டுப் பார்க்கும் ஈரமானி போதும், சில நிமிஷத்தில் அளவு தெரிந்துவிடும். அந்த பவுண்டரி வைத்திருக்கும் வரம்பு 3.2 முதல் 3.6 சதவீதம் என்றால், மணிக்கு ஒருமுறை மல்லரிலிருந்து மண் எடுத்துப் பார்த்து எழுத வேண்டும். நடவடிக்கைக்கு முன்பு 3-இலிருந்து 4.8 வரை அலைந்த அளவு, இப்போது வரம்புக்குள் நிற்கிறதா? ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். ஈரம் இன்னும் அலைந்துகொண்டிருக்கும்போது தள்ளுபடி மட்டும் குறைந்திருந்தால், அந்தக் குறைவு நம் நடவடிக்கையால் வந்ததல்ல. ஈரம் கட்டுக்குள் நிற்கிறது, தள்ளுபடி குறையவில்லை என்றால் நாம் பிடித்தது தவறான காரணம். வார்ப்பின் உள்வெற்றிடத்துக்காக வைக்கும் மண் உருவான கோர் சரியாக வேகாமல் வாயு விடலாம். வாயு வெளியேறும் துளையான வென்ட் அடைபட்டிருக்கலாம். ஊற்றும் கலமான லேடிலில் உலோகம் ஆறிப்போயிருக்கலாம். எங்கே திரும்பிப் போவது என்பதை இந்த இரண்டு அளவுகளும் சேர்ந்து சொல்லிவிடும்.

காரணத்தை உறுதிப்படுத்த நேரடியான வழி, அதை வேண்டுமென்றே வரவழைத்துப் பார்ப்பது. ஒரு மல்லர் மண்ணை 4.5 சதவீத ஈரத்தில் கலந்து, சில மோல்டுகளுக்குத் தனி அடையாளம் போட்டு ஊற்றுங்கள். அடுத்த மல்லரைச் சரியான ஈரத்தில் கலந்து அதே பேட்டர்னில், அதே லேடில் உலோகத்தை ஊற்றுங்கள். ஈர மண்ணில் துளை வந்து, சரியான மண்ணில் வராமல் போனால் காரணம் பிடிபட்டது. சில வார்ப்புகள் மறுபடி உருக்கப் போகும், அந்தச் செலவு வீண் செலவல்ல. அந்த மோல்டுகள் நல்ல வார்ப்போடு கலந்துவிடாமல் பெயின்ட் அடித்துத் தனியாக வைப்பது மட்டும் முக்கியம்.

அடுத்தது, எத்தனை துண்டு பார்த்தால் போதும்? ‘50 துண்டு பார்த்தோம், ஒன்றிலும் குறை இல்லை’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. 2 சதவீதக் குறை அப்படியே நீடித்தாலும், 50 துண்டில் ஒன்றில்கூடக் குறை தென்படாமல் போக 36 சதவீத வாய்ப்பு இருக்கிறது. மூன்று முறை பார்த்தால் ஒரு முறை ஏமாந்துவிடுவோம். எளிய விதி ஒன்று சொல்கிறேன். மூன்றைப் பழைய குறை விகிதத்தால் வகுங்கள். 2 சதவீதம் என்றால் 3-ஐ 0.02-ஆல் வகுக்க 150. ஆயிரத்துக்கு இரண்டு குறை என்றால் 1500. அத்தனை துண்டிலும் குறையே இல்லை என்றால், குறை பழைய விகிதத்தைவிடக் குறைந்துவிட்டது என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். அரிதாக வரும் குறைக்கு அதிகத் துண்டு பார்த்தாக வேண்டும், இதில் சலுகை கிடையாது. ஆனால் அந்த 150-ம் ஒரே நாள், ஒரே ஷிப்ட் வார்ப்பாக இருக்கக் கூடாது. புளோ ஹோல் கூட்டமாக வரும் குறை. ஒரு மல்லர் மண் கெட்டால் அதில் அடித்த மோல்டுகள் எல்லாமே சந்தேகத்துக்குரியவை. பகல், இரவு, திங்கட்கிழமைக் காலை முதல் ஊற்று, மழை பெய்த நாள் என்று பரப்பி எடுக்க வேண்டும்.

புகாருக்கும் இதே கணக்குதான். ஒரு குறிப்பிட்ட பழுதுக்கு வருஷத்தில் நான்கு புகார் வந்துகொண்டிருந்தால், சராசரி மூன்று மாதத்துக்கு ஒன்று. எதுவுமே செய்யாவிட்டாலும் மூன்று மாதம் புகாரே வராமல் இருக்க 37 சதவீத வாய்ப்பு உண்டு. அப்படிப்பட்ட பழுதுக்கு 90 நாள் என்ற கெடு ஒன்றுக்கும் உதவாது. ஒன்பது மாதமாவது பார்க்க வேண்டும்.

பம்ப் தொழிலில் இதோடு பருவமும் சேர்ந்துகொள்கிறது. சப்மெர்சிபிள் மோட்டாரில் வைண்டிங் வயர், அது உட்காரும் காடியான ஸ்லாட்டின் கூர்மையான விளிம்பில் உரசி, மேலே சுற்றிய பாலி உறை கிழிந்து, மோட்டார் எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். விளிம்பின் பிசிறை எடுத்துவிட்டோம், இதுதான் நடவடிக்கை. ஆகஸ்டில் செய்தோம், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை புகார் இல்லை. மழைக்காலத்தில் பாதித் தோட்டங்களில் மோட்டார் ஓடுவதே இல்லை, புகார் எங்கிருந்து வரும்? அதுமட்டுமல்ல, டிசம்பரில் வரும் புகார் மார்ச்சில் செய்த மோட்டாராக இருக்கும். கடைக்காரர் கிடங்கில் ஆறு மாதம் இருந்த சரக்கும் இதில் உண்டு. ஆகவே புகாரை வந்த மாதத்தில் எழுதாமல், பெயர்ப்பலகையில் உள்ள வரிசை எண்ணைப் பார்த்து, செய்த மாதத்தின் கீழ் எழுதுங்கள். ஆகஸ்டுக்கு முன் செய்த ஆயிரம் மோட்டாரில் ஒரு கோடைகாலத்தில் எத்தனை எரிந்தன, ஆகஸ்டுக்குப் பின் செய்த ஆயிரத்தில் அதே அளவு ஓட்டத்தில் எத்தனை? கோடையை கோடையோடுதான் ஒப்பிட வேண்டும். விடை கிடைக்க அடுத்த மே மாதம் ஆகும் என்றால், அதுவரை காத்திருக்கத்தான் வேண்டும். இடையில், வைண்டிங் முடிந்த ஸ்டேட்டரைத் தண்ணீரில் மூழ்கவைத்து மின்காப்பை அளக்கும் மெக்கர் வைத்துப் பார்க்கும் சோதனையில் விழும் எண்ணிக்கையை வாராவாரம் எழுதி வாருங்கள். உறை கிழிகிறதா இல்லையா என்பதற்கு அதுவே முதல் தகவல்.

ஒரு குறையை அடக்கியதும் பக்கத்தில் இன்னொன்று கிளம்புவதையும் கவனிக்க வேண்டும். மண்ணில் ஈரத்தை அதிகமாகக் குறைத்தால் மோல்டின் விளிம்பு உதிர்ந்து வார்ப்புக்குள் மண் சேரும். ஊற்றும் வெப்பத்தைக் கூட்டினால் புளோ ஹோல் குறையலாம், ஆனால் சுருங்கு குழியும் மேலே மண் ஒட்டுவதும் கூடும். புளோ ஹோல் 40-இலிருந்து 15-க்கு வந்தது என்று மகிழும்போது, மண் சேர்ந்த வார்ப்பு 10-இலிருந்து 38 ஆகியிருந்தால் பவுண்டரிக்கு லாபம் எதுவும் இல்லை. மருத்துவக் கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 13485 இதை வெளிப்படையாகவே கேட்கிறது. திருத்த நடவடிக்கையால் கருவியின் பாதுகாப்புக்கோ செயல்பாட்டுக்கோ பாதிப்பு வரவில்லை என்று சரிபார்க்கச் சொல்கிறது. பம்ப் செய்கிறவர்களும் அதை எடுத்துக்கொள்ளலாம்.

எண்ணுகிற முறையும் மாறாமல் இருக்க வேண்டும். தள்ளுபடி ஏட்டில் ஒருவர் ‘புளோ ஹோல்’ என்று எழுதுகிறார், இன்னொருவர் ‘பின் ஹோல்’, மூன்றாமவர் ‘காற்றுத்துளை’, இரவு ஷிப்டில் வெறும் ‘ஓட்டை’. கணக்கெடுக்கும்போது ‘புளோ ஹோல்’ மட்டும் கூட்டப்படுகிறது, குறை குறைந்ததாகத் தெரிகிறது. ஒவ்வொரு குறைக்கும் ஒரு வார்ப்பை அறுத்து மாதிரியாக மேஜைமேல் வைத்து, அதற்கு ஒரே பெயரைக் கொடுங்கள். தோலுக்கு அடியில் இருக்கும் துளை மெஷினிங்கில்தான் வெளிப்படும் என்பதால், வாடிக்கையாளர் லேத்தில் தள்ளிய வார்ப்பும் ஊற்றிய தேதியின் கீழ் வந்து சேர வேண்டும். வார்ப்பில் தேதி முத்திரை இல்லாவிட்டால் இதில் எதுவுமே நடக்காது.

நடவடிக்கை என்ற பெயரில் ஃபைல்களில் அதிகம் காணப்படுவது ‘ஆபரேட்டருக்கு அறிவுரை வழங்கப்பட்டது’ என்ற வரி. அறிவுரை நினைவில் நிற்கும் வரைதான் பலிக்கும். ஆள் மாறினால் போயிற்று. அதனால் அறிவுரையை மட்டும் நம்பிய நடவடிக்கைக்கு நான் இரண்டு மடங்கு காலம் கண்காணிக்கச் சொல்வேன். புதிய ஆள் வந்த பிறகும் ஒருமுறை பார்க்கச் சொல்வேன். தப்பாகப் பொருத்தவே முடியாதபடி ஜிக்கில் ஒரு பின் வைத்தால் அது வேறு தரம். ஆனால் அதையும் சோதிக்க வேண்டும். தெரிந்தே கெட்ட துண்டு ஒன்றைச் சிவப்பு பெயின்ட் அடித்து வைத்துக்கொண்டு, ஷிப்ட் தொடக்கத்தில் அதை ஜிக்கில் போட்டு, நிராகரிக்கிறதா என்று பாருங்கள். வாகன உதிரிபாகத் துறையின் ஐஏடிஎஃப் 16949 தரநிலை இந்தச் சோதனையையும், அந்தத் துண்டையே முறையாகக் கட்டுப்பாட்டில் வைப்பதையும் எதிர்பார்க்கிறது.

நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். மாதாந்திரக் கூட்டத்தில் ‘எத்தனை தாள் குறித்த தேதியில் மூடப்பட்டது’ என்று மட்டும் கேட்காதீர்கள். அதைக் கேட்டால் தாள்கள் மூடப்படும், அவ்வளவுதான். மூடியவற்றில் எத்தனை குறைகள் அதே காரணத்தோடு ஒரு வருஷத்துக்குள் திரும்பி வந்தன என்று கேளுங்கள். திரும்பி வந்த குறைக்குப் புது எண் கொடுக்காமல் பழைய தாளையே திறக்கச் சொல்லுங்கள். பலனைச் சரிபார்ப்பவர் அந்த நடவடிக்கையை எடுத்தவராக இருக்க வேண்டாம்.

சரி, கடைசிக் கட்டத்தில் என்ன எழுதுவது? அதை நடவடிக்கை எடுக்கும் நாளிலேயே, விடை தெரிவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். நம் பவுண்டரிக்கு இப்படி இருக்கும்: ‘மண் ஈரம், மணிக்கு ஒரு அளவு, நான்கு வாரம், எல்லாம் 3.2 முதல் 3.6-க்குள். புளோ ஹோல் தள்ளுபடி, ஊற்றிய தேதிப்படி, மெஷினிங்கில் கண்டதையும் சேர்த்து, தொடர்ந்து எட்டு வாரம் பத்துக்குக் கீழே. மண் சேர்ந்த வார்ப்பு இப்போதைய சராசரிக்கு மேல் போகவில்லை. சரிபார்ப்பவர்: மெஷின் ஷாப் தரப் பரிசோதகர். அக்டோபர், நவம்பர் மழையில் மறுபடி எட்டு வாரம் பார்க்கப்படும். அதுவரை இந்தத் தாள் மூடப்படாது.’

நன்றி, வணக்கம்.