தெர்மகோல் பெட்டிக்குள் டார்ச் வெளிச்சம்

நேயர்களுக்கு வணக்கம்.

என் அக்கா வீட்டுக்காரர் பட்டுக்கோட்டைப் பக்கம் விவசாயம் பார்க்கிறார். நான் அத்தான் என்று கூப்பிடுவேன். மும்முனை மின்சாரம் இரவு முறையில் வருகிற நாட்களில் 11 மணிக்கு மேல் பம்புசெட்டுக்குப் போய் மோட்டாரைப் போட்டுவிட்டு வர வேண்டும். வரப்பில் கட்டுவிரியன் கிடக்கும். அதனால் வேட்டியை மறந்தாலும் டார்ச்சை மறக்க மாட்டார்.

போன வருஷம் ஒருநாள் இரண்டு டார்ச்சுகளோடு என் வீட்டுக்கு வந்தார். ஒன்று சந்தையில் வாங்கியது. அட்டையில் 50,000 லுமென் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இன்னொன்று அவர் மகன் வாங்கிக்கொடுத்தது. சின்னதாக, விலை கூடுதலாக, 500 லுமென் என்று அடக்கமாக எழுதியிருந்தது. "மாப்ளே, நீ காலேஜ் லேப்ல முப்பது வருஷம் குப்பை கொட்டினவன்தானே? இதுல எது நல்ல லைட்டுனு சொல்லு" என்றார்.

இரண்டையும் சுவரில் அடித்துப் பார்த்தோம். சந்தை டார்ச்தான் பிரகாசம் என்றார் அக்கா. எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

இந்த விஷயத்தில் கண்ணை நம்ப முடியாது. வெளிச்சம் இரண்டு மடங்கானால் கண் அதை இரண்டு மடங்காக உணர்வதில்லை, 'கொஞ்சம் கூடியிருக்கிறது' என்றுதான் சொல்லும். போதாக்குறைக்குக் கண் பாப்பாவும் சுருங்கிவிடும். இன்னொரு சங்கதியும் உண்டு. தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ஹோஸ் பைப்பின் வாயைப் பெருவிரலால் அழுத்தினால் தண்ணீர் சீறிக்கொண்டு தூரத்தில் விழும். அதற்காகத் தொட்டியிலிருந்து கூடுதல் தண்ணீர் வந்துவிட்டதா என்ன? டார்ச்சும் அப்படித்தான். மொத்தம் எவ்வளவு ஒளி வெளியே வருகிறது என்பது லுமென். ஓர் இடத்தில் சதுர மீட்டருக்கு எத்தனை லுமென் விழுகிறது என்பது லக்ஸ். ஒளியைக் குவித்துச் சுவரில் ஒரு புள்ளியாகக் காட்டுகிற டார்ச் அந்தப் புள்ளியில் லக்ஸை அள்ளிக்கொட்டும். மொத்த லுமென் குறைவாகவே இருக்கலாம். நாம் பார்த்து மயங்குவது அந்தப் புள்ளியைத்தான்.

50,000 லுமென் என்பது பொய் என்று சொல்ல ஒரு கருவியும் தேவையில்லை, கூட்டல் பெருக்கல் போதும். நல்ல வெள்ளை எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு 100 லுமென் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 50,000 லுமெனுக்கு 500 வாட் வேண்டும். அது நம் வீட்டு மிக்ஸி இழுக்கிற மின்சாரம். அந்த டார்ச்சுக்குள் இருந்தது 18650 என்கிற ஒரே ஒரு லித்தியம் செல். நல்ல செல்லாக இருந்தால் 3.6 வோல்ட், 3 ஆம்பியர் மணி, அதாவது சுமார் 11 வாட் மணி. 500 வாட் இழுத்தால் ஒன்றரை நிமிஷம்கூடத் தாங்காது. அதற்கு முன்பே கை வெந்துவிடும்.

சரி, 50,000 இல்லை. அப்படியானால் எவ்வளவு? அதற்குத்தான் அளக்க வேண்டும். லுமென் அளக்கிற உண்மையான கருவியின் விலையைக் கேட்டால் அத்தான் ஒரு கறவை மாட்டை விற்க வேண்டியிருக்கும். ஆனால் அதன் தத்துவம் எளிமையானது. ஜெர்மனியில் சாக்சனி ரயில்வேயில் வேலை பார்த்த ரிச்சர்ட் உல்பிரிக்ட் என்ற பொறியாளர் 1900 வாக்கில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது அது. உள்ளே வெள்ளை பூசிய ஒரு வெற்றுக் கோளம், அவ்வளவுதான். பொங்கலுக்கு வெள்ளையடித்த வீட்டில் அதே பல்பு கூடுதலாக எரிகிற மாதிரி தெரியுமே, அதுதான் சூட்சுமம். வெளிச்சம் சுவருக்குச் சுவர் பட்டுத் தெறித்து, தெறித்து, எந்தப் பக்கம் அடித்தாலும் உள்ளே ஒரே சீராகக் கலந்துவிடும். பிறகு ஓர் ஓரத்தில் மட்டும் அளந்தால் போதும். குவிந்த டார்ச்சா விரிந்த டார்ச்சா என்கிற பேச்சே அங்கே கிடையாது.

கோளத்துக்கு எங்கே போவது? மருந்துக்கடையில் ஐஸ் வைத்து ஊசிமருந்து வருகிற தெர்மகோல் பெட்டி ஒன்று சும்மா கிடைத்தது. மீன்கடைப் பெட்டியும் ஆகும். வீட்டில் இருக்கிறவர்கள் சம்மதித்தால். முனைகளில் தெர்மகோல் துண்டுகளைச் சரித்து ஒட்டிக் கொஞ்சம் உருண்டையாக்கினேன். உள்ளே பூசுவதற்குப் பளபளப்பில்லாத வெள்ளை எமல்ஷன் பெயின்ட் வேண்டும், தண்ணீரில் கலக்கிற ரகம். எனாமல் கூடாது. முதலாவது, அது கண்ணாடி மாதிரி ஒளியை ஒரே திசையில் தெறிக்கவிடும். இரண்டாவது, தின்னர் பட்டால் தெர்மகோல் கரைந்து ஓடிவிடும். வெளிப்புறம் கறுப்புக் காகிதம் சுற்ற வேண்டும், தெர்மகோல் வழியாக அறை வெளிச்சம் உள்ளே கசியும்.

ஒரு பக்கச் சுவரில் டார்ச் தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை. அந்த ஓட்டைக்குப் பக்கத்திலேயே, பக்கவாட்டுச் சுவரில், ஒளியை அளக்கிற சில்லு. ஓட்டைக்கு நேர் எதிரே டார்ச் ஒளி முதலில் விழுகிற பளிச்சென்ற வட்டம் இருக்குமே, அதைச் சில்லு நேராகப் பார்க்கக் கூடாது. நடுவே ஒரு வெள்ளை அட்டையைத் தடுப்பாக நிறுத்த வேண்டும். இந்தத் தடுப்பை விட்டுவிட்டால் டார்ச்சைக் கொஞ்சம் திருப்பினாலே அளவு ஆடும். பெட்டி சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க அதுவே சோதனை. டார்ச்சை ஓட்டைக்குள் அப்படி இப்படி அசையுங்கள், எண் அநேகமாக அப்படியே நிற்க வேண்டும்.

சில்லு விஷயத்துக்கு வருகிறேன். தெருவிளக்கைத் தானாகப் போடுகிற எல்.டி.ஆர். மலிவு என்று அதைத்தான் பலர் வாங்குவார்கள். வேண்டாம். வெளிச்சம் இரட்டித்தால் அதன் மின்தடை பாதியாக இறங்குவதில்லை, அது போகிற போக்கே வேறு. சற்று முன் பார்த்த வெளிச்சத்தைக் கொஞ்ச நேரம் 'நினைவில்' வேறு வைத்துக்கொள்ளும். நான் வாங்கியது பி.பி.டபிள்யூ. 34 என்கிற போட்டோடையோடு. சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் எடுத்துக்கொடுப்பார்கள். அதன் இரண்டு காலுக்கும் குறுக்கே ஒரு ரெசிஸ்டர், அதாவது மின்தடைத் துண்டு, அதிலிருந்து இரண்டு ஒயர் சாதாரண மஞ்சள் மல்டிமீட்டருக்கு. மீட்டரை 200 மில்லிவோல்ட்டில் வைக்க வேண்டும். பேட்டரிகூட வேண்டாம், டையோடே சின்ன சோலார் செல் மாதிரி மின்சாரம் தரும்.

இங்கேதான் நான் வழுக்கினேன். மேஜை இழுப்பறையில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் கிடந்தது, அதையே போட்டுவிட்டேன். அந்தச் சந்தை டார்ச், மகன் வாங்கிய டார்ச், என் பழைய ரெட்டைச் செல் டார்ச், எதைக் காட்டினாலும் மீட்டரைப் பெரிய அளவுக்கு மாற்றிப் பார்த்தால் 400 மில்லிவோல்ட் பக்கத்திலேயே நின்றது. "எல்லாம் ஒண்ணுதான்னு மெஷினே சொல்லிடுச்சு" என்று அத்தான் எழுந்துவிட்டார். முப்பது வருஷம் பாடம் நடத்திய இடத்தில் வேலை பார்த்தவனுக்கு இது தலைக்குனிவுதான். சோலார் செல்லின் மின்னோட்டம்தான் வெளிச்சத்துக்கு நேர்விகிதம், வோல்டேஜ் அல்ல. தடை பெரிதாக இருந்தால் வோல்டேஜ் ஏறி ஏறி ஒரு மட்டத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். 100 ஓம் போட்டேன். பழுப்பு, கறுப்பு, பழுப்பு வளையங்கள் உள்ளது. உடனே எண்கள் பிரிந்து நின்றன.

இனி உங்கள் பெட்டி உண்மை சொல்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை சொல்கிறேன், பென்சில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பெட்டியில் இரண்டு ஓட்டை போடுங்கள். முதல் டார்ச்சை மட்டும் எரியவிட்டு எண்ணைக் குறியுங்கள். அதை அணைத்துவிட்டு, எடுக்காமல், இரண்டாவதை எரியவிட்டுக் குறியுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து எரியவிடுங்கள். முதலில் 20, அடுத்து 30 என்றால் சேர்த்து 50 வர வேண்டும். 50 வந்தால் உங்கள் கருவி நேர்மையானது. 38 வந்தால் ரெசிஸ்டர் பெரிது, அல்லது யாரோ உங்களிடம் வேறு சில்லை விற்றுவிட்டார்கள். இதைச் செய்ய எந்த ஆய்வுக்கூடச் சான்றிதழும் தேவையில்லை.

மில்லிவோல்ட்டை லுமெனாக்க, நம்பத்தகுந்த ஒரு டார்ச் வேண்டும். அதை முழுக்கச் சார்ஜ் செய்து, எரியவிட்டு 30 வினாடி கழித்துக் குறியுங்கள். டார்ச்சுக்கென்று அமெரிக்காவில் வகுத்த எஃப்.எல்.1 தரமுறையும் 30 வினாடிக்குப் பிறகுதான் அளக்கச் சொல்கிறது, ஏனென்றால் போட்டவுடன் காட்டுகிற பிரகாசம் எல்லா டார்ச்சிலும் கொஞ்சம் வீம்புதான். மகனின் 500 லுமென் டார்ச் 40 மில்லிவோல்ட் காட்டியது. 50,000 லுமென் டார்ச் 27. கணக்குப் போட்டால் 340 லுமென் சுமாருக்கு. இந்த 340-ஐ நான் சத்தியம் பண்ண மாட்டேன், ஐம்பது அறுபது இப்படி அப்படி இருக்கலாம். 27 என்பது 40-ஐ விடச் சிறியது என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை.

ஒரு எச்சரிக்கை. இந்த டையோடுக்குக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புதான் அதிகம் பிடிக்கும். டி.வி. ரிமோட்டை அதன் முகத்துக்கு நேரே வைத்து அழுத்துங்கள், நமக்கு ஒன்றும் தெரியாது, மீட்டர் நகரும். இழை பல்பு போட்ட பழைய டார்ச் அகச்சிவப்பைக் கொட்டுகிறது. அதனால் அதை எல்.இ.டி.யோடு இந்தப் பெட்டியில் ஒப்பிட்டால் பழசுக்கு இல்லாத பெருமை வந்துவிடும். எல்.இ.டி.யை எல்.இ.டி.யோடு மட்டும் வைத்துப் பாருங்கள்.

உண்மையில் அத்தானுக்கு விடை கிடைத்தது அந்த 27-இல் இல்லை. இரண்டு டார்ச்சையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பெட்டியில் வைத்து, 5 நிமிஷத்துக்கு ஒருமுறை எண்ணை எழுதச் சொன்னேன். நடுவில் மோர் குடித்தோம். மகனின் டார்ச் சூடேறியதும் கொஞ்சம் இறங்கி, பிறகு அப்படியே நின்றது. சந்தை டார்ச் படிப்படியாக இறங்கிக்கொண்டே வந்து, அரை மணியில் ஆரம்பத்தின் கால்வாசிக்கு வந்துவிட்டது. மெதுவாக இறங்குவதால் கையில் வைத்திருப்பவருக்கு அது தெரியாது, கண் கூடவே பழகிப்போகும். மோட்டாரைப் போடப் போகும்போது ஒரு டார்ச், திரும்பி வரும்போது வேறு டார்ச். அத்தான் நோட்டைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

சால்டரிங் எல்லாம் முடியாது என்கிறவர்களுக்கு: வெள்ளைக் கூரை உள்ள குளியலறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தரையில் கூரையைப் பார்த்து நிறுத்துங்கள். கைபேசியில் லக்ஸ் காட்டுகிற செயலியைப் போட்டு, டார்ச் ஒளி நேராகப் படாத ஓரிடத்தில் வையுங்கள். அறைதான் பெட்டி. டார்ச்சை மாற்றலாம், கைபேசியை அசைக்கக் கூடாது, நீங்களும் அதே இடத்தில் நிற்க வேண்டும். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு அப்பால் இப்பால் போனால் எண் மாறும்.

வெளிச்சம் எவ்வளவு தூரம் போகும் என்று தெரிய வேண்டுமானால், கைபேசியை 5 மீட்டர் தள்ளி வைத்து டார்ச்சை நேராக அடித்து லக்ஸைப் பாருங்கள். 400 லக்ஸ் என்றால் ஐயைந்து 25-ஆல் பெருக்குங்கள், 10,000. அதன் வர்க்கமூலம் 100. இரட்டித்தால் 200 மீட்டர். அந்தத் தூரத்தில் கால் லக்ஸ் விழும், ஏறக்குறைய பௌர்ணமி நிலா அளவு. அட்டையில் போடுகிற மீட்டர் கணக்கு இதுதான். நிலா வெளிச்சத்தில் கட்டுவிரியன் தெரியுமா என்பது வேறு கேள்வி.

நேரம் முடியப்போகிறது. வானொலியில் வெளிச்சத்தைக் காட்ட முடியாது, ஆனால் கேட்க வைக்கலாம். தோட்டத்து சோலார் விளக்கு ஒன்று கெட்டுப்போனபோது அதன் சின்னத் தகட்டைக் கழற்றி வைத்திருந்தேன். அதன் இரண்டு ஒயரையும் ஆம்ப்ளிஃபயரின் ஒலி நுழைவில் கொடுத்திருக்கிறேன். ஒலிப்பதிவு அறை நண்பர்கள் ஒத்துழைத்ததற்கு நன்றி. முதலில் மேலே எரிகிற பழைய சோக்கு வைத்த டியூப் லைட். கேளுங்கள்.

(ஒலி: தாழ்ந்த ரீங்காரம்)

நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. விளக்கு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை மங்கி எழும். நீங்கள் கேட்டது அந்த 100 துடிப்பு. இப்போது டியூப் லைட்டை அணைத்தாகிவிட்டது. இது சந்தை டார்ச், மங்கல் நிலையில்.

(ஒலி: மெல்லிய கிரீச்சொலி)

மங்கலாக எரிவதாக நமக்குத் தெரிகிறது. உண்மையில் அது முழு வெளிச்சத்தில் படபடவென்று அணைந்து அணைந்து எரிகிறது. அடுத்தது அத்தானின் மகன் வாங்கிக்கொடுத்தது, அதுவும் மங்கல் நிலையில்தான்.

(மௌனம்)

டார்ச் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. வணக்கம்.