சேப்பாக்கத்துக்கென்று கட்டிய அணி

(கிரிக்கெட் பயிற்சியாளர்களுக்கான பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் கற்றுக்கொடுக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தொழில்முறை அணி ஒன்று புதிய பருவத்துக்கு எவ்வாறு தயாராகிறது என்பதைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். பொதுவாகப் பேசத் தொடங்கினால் வலைப்பயிற்சி, ஓட்டம், உணவு, உறக்கம் என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவற்றையே நானும் அடுக்கிக்கொண்டு போக நேரும். ஆகவே ஓர் அணியையும் ஓர் ஆண்டையும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அணி, ஐ.பி.எல். தொடரில் ஆடும் சென்னை சூப்பர் கிங்ஸ்; ஆண்டு, 2018. அந்த ஆண்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அவர்கள் கோப்பையை வென்றது மட்டுமன்று. சென்னையின் சேப்பாக்கம் என்ற ஒரு மைதானத்தை மனத்தில் வைத்துக் கட்டப்பட்ட அணி, பருவம் தொடங்கிய மூன்றே நாள்களில் அந்த மைதானத்தை இழந்தது. அதன் பிறகும் அணி நிலைகுலையவில்லை. அதற்கான விடை, அவர்கள் தயாரான விதத்தில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அணி நிர்வாகத்தோடு தொடர்புடையவர் பந்தயம் கட்டிய விவகாரத்தில், நீதிபதி லோதா குழு 2015 சூலை 14 அன்று சென்னை அணியையும் ராஜஸ்தான் அணியையும் இரண்டு ஆண்டுகளுக்கு விலக்கி வைத்தது. 2008 முதல் அதுவரை ஆடிய எட்டுப் பருவங்களிலும் முதல் நான்கு இடங்களுக்குள் வந்திருந்த அணி அது. வீரர்கள் சிதறிப்போனார்கள், தோனியும் அஸ்வினும் புனே அணிக்கும், ரெய்னாவும் ஜடேஜாவும் குஜராத் அணிக்கும் சென்றார்கள். இரண்டு கோடைகள் சேப்பாக்கத்தில் சென்னை அணி ஐ.பி.எல். ஆடவில்லை. எனவே 2018 சனவரியில் அவர்கள் கையில் இருந்தவை ஒரு பெயரும், மஞ்சள் சட்டையும், ஸ்டீபன் ஃபிளெமிங் என்ற பயிற்சியாளரும், திரும்ப அழைத்துக்கொள்ள உரிமையுள்ள சில வீரர்களும்தாம்.

தோனியை 15 கோடிக்கும், ரெய்னாவை 11 கோடிக்கும், ஜடேஜாவை 7 கோடிக்கும் தக்கவைத்துக்கொண்டார்கள். ஓர் அணி செலவிடக்கூடிய மொத்தத் தொகை 80 கோடி. ஆக, 47 கோடியோடு பெங்களூருவில் நடந்த வீரர்கள் ஏலத்துக்குப் போனார்கள். இங்கே நம்மவர் பலருக்கு இன்றும் ஆறாத ஒரு வருத்தம் உண்டு. சென்னை மண்ணில் பிறந்து வளர்ந்த அஸ்வினை ஏன் விட்டார்கள் என்ற கேள்வி அது. நாட்டு அணிக்கு ஆடிய இந்திய வீரர்களில் மூன்று பேரைத்தான் தக்கவைப்பதன் மூலமோ, மற்றோர் அணி கேட்ட விலைக்கே திரும்பப் பெறும் உரிமையின் மூலமோ வைத்துக்கொள்ள முடியும் என்று விதி இருந்தது. அந்த மூன்று இடங்களும் முன்னரே நிரம்பிவிட்டன. பஞ்சாப் அணி அஸ்வினை 7.60 கோடிக்கு எடுத்தது. சென்னை தனக்கிருந்த இரண்டு உரிமைகளை பிராவோவுக்கும் டு பிளெஸ்ஸிக்கும் பயன்படுத்தியது.

ஏலத்தின் இரண்டு நாள்களையும் நான் தொலைக்காட்சியில் பார்த்தேன். முதலில் எனக்கும் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஹர்பஜன் சிங்குக்கு வயது 37. இம்ரான் தாஹிர் 39 வயதை எட்டிக்கொண்டிருந்தார். வாட்சனுக்கும் தோனிக்கும் 36, பிராவோவுக்கு 34. அப்பாக்களின் படை என்று நாடு முழுவதும் கிண்டல் செய்தார்கள். ஆனால் பட்டியலை மறுநாள் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் செய்யப்போகும் வேலையை எழுதிப் பார்த்தபோது, வேறொரு படம் தெரிந்தது. ஜடேஜா, ஹர்பஜன், தாஹிர், கரண் சர்மா, சான்ட்னர் என்று சுழற்பந்து வீச்சாளர்களே ஐந்து பேர். கேதார் ஜாதவும் ரெய்னாவும் தேவைப்பட்டால் வீசுவார்கள். பந்து நின்று வரும் சேப்பாக்கத்து மண்ணுக்கு, நடு ஓவர்களில் எதிரணியை மூச்சுத்திணற வைக்க, இதைவிடப் பொருத்தமான கூட்டத்தைச் சேர்ப்பது கடினம். ஏழு ஆட்டங்கள் சொந்த மண்ணில் நடக்கும். அவற்றில் ஐந்தையோ ஆறையோ வென்றால் பாதி வேலை முடிந்துவிடும். இதுதான் கணக்கு.

பட்டியலின் அடிப்பகுதியில், அன்று யாரும் பெரிதாகப் பேசாத இரண்டு பெயர்கள் இருந்தன. ஒருவர் 80 லட்சத்துக்கு வாங்கப்பட்ட தீபக் சஹர். 2010-இல், மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பையில், தம் முதல் ஆட்டத்திலேயே 10 ஓட்டங்கள் கொடுத்து எட்டு விக்கெட்டுகளைச் சாய்த்து, ஐதராபாத்தை 21 ஓட்டங்களில் சுருட்டியவர். பிறகு காயங்களால் பின்தங்கிப் போனவர். புனே அணியில் இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் வெளியே அமர்ந்திருந்தார் என்றாலும், வலையில் அவர் புதுப்பந்தை இருபுறமும் வளைப்பதைத் தோனி அங்கே அருகிலிருந்து பார்த்திருந்தார். மற்றொருவர் 50 லட்சத்துக்கு வந்த லுங்கி இங்கிடி. அதே சனவரி மாதத்தில் செஞ்சூரியனில் தம் முதல் டெஸ்டிலேயே இந்தியாவின் ஆறு விக்கெட்டுகளை 39 ஓட்டங்களுக்கு வீழ்த்தியிருந்தார்.

ஏலம் முடிந்தது சனவரி 28. முதல் ஆட்டம் ஏப்ரல் 7. இடையில் 69 நாள்கள். நண்பர்களே, வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அறுபத்தொன்பது நாள்களும் அணி ஒன்றுகூடிப் பயிற்சி செய்திருக்கும் என்று எண்ணுவார்கள். உண்மை நிலை அப்படி அமைவதில்லை. இந்திய வீரர்கள் தத்தம் மாநிலங்களுக்காக ஆடிக்கொண்டிருப்பார்கள்; வெளிநாட்டவர் தம் நாடுகளுக்காக ஆடிக்கொண்டிருப்பார்கள். தென்னாப்பிரிக்காவின் தலைவர் டு பிளெஸ்ஸி ஜோகன்னஸ்பர்க் டெஸ்டை முடித்தது ஏப்ரல் 3 அன்று; அதுவும் விரல் முறிந்த கையோடு. மார்ச் மாதத்தில் சேப்பாக்கத்தில் முகாம் தொடங்கியபோது அணியின் ஒரு பகுதியே அங்கே இருந்தது.

அந்த முகாமை நான் பார்வையாளர் மேடையிலிருந்து ஒரு மாலை முழுவதும் பார்த்தேன். இரண்டு ஆண்டுப் பிரிவுக்குப் பிறகு, வெறும் பயிற்சியைக் காண்பதற்கே மக்கள் திரண்டு வந்து விசில் அடித்தார்கள். என் கண்கள் மட்டைகளைவிடப் பயிற்சியாளர்களின் மேல்தான் இருந்தன. பந்து வீச்சுக்கு லட்சுமிபதி பாலாஜி, மட்டை வீச்சுக்கு அந்த ஆண்டுதான் பொறுப்பேற்றிருந்த மைக் ஹஸ்ஸி. இருவருமே இதே மஞ்சள் சட்டையில் இதே மண்ணில் ஆடியவர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நேரம் பிரிக்கப்பட்டிருந்தது. எல்லோரும் எல்லாவற்றையும் செய்யவில்லை. கடைசி ஓவர்களில் அடிக்க வேண்டியவருக்கு அதற்குரிய பந்துகளே எறியப்பட்டன. புதுப்பந்து வீசுபவர் புதுப்பந்தையே வீசினார். நம் பள்ளி அணிகளில் பன்னிரண்டு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஆளுக்கு ஆறு பந்து என்று வலையில் அனுப்புகிறோமே, அதை எண்ணி அன்று மனம் வருந்தினேன். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன்.

அம்பத்தி ராயுடுவை எடுத்துக்கொள்ளுங்கள். மும்பை அணியில் எட்டுப் பருவங்கள், பெரும்பாலும் நடு வரிசையில் ஆடியவர். 2.20 கோடிக்கு அவரை வாங்கிய சென்னை, முதல் ஆட்டத்திலேயே வாட்சனோடு தொடக்க வீரராக அனுப்பியது. அவர் அந்தப் பருவத்தில் எடுத்த ஓட்டங்கள் 602. பின்னர் டு பிளெஸ்ஸி தேறி வந்தபோது முணுமுணுப்பின்றிக் கீழே இறங்கி ஆடினார். ஒருவருக்கு ஒரு வேலை என்று ஒப்படைத்து, அதில் அவரைத் தொந்தரவு செய்யாமல் விடுவது. தேவை மாறும்போது காரணத்தைச் சொல்லி வேலையை மாற்றுவது. தயாரிப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

ஏப்ரல் 7, மும்பை. 166 ஓட்டங்கள் இலக்கு. பிராவோ 30 பந்துகளில் 68 அடித்து, கைவிட்ட ஆட்டத்தை மீட்டார். தொடையின் பின்தசை கிழிந்து வெளியேறிய கேதார் ஜாதவ் கடைசி ஓவரில் நொண்டியபடி திரும்பி வந்து, ஒரு பந்து மீதமிருக்கையில் வெற்றி ஓட்டத்தை அடித்தார். ஆனால் அதோடு அவருடைய பருவம் முடிந்தது. 7.80 கோடிக்கு வாங்கிய, அந்த ஏலத்தில் அணி மிக அதிக விலை கொடுத்த வீரர் ஓர் ஆட்டத்தோடு போனார். சான்ட்னரோ முழங்கால் காயத்தால் பருவம் தொடங்கும் முன்பே விலகியிருந்தார்.

ஏப்ரல் 10, சேப்பாக்கம். காவிரி மேலாண்மை வாரியம் அமைக்கப்பட வேண்டும் என்று தமிழகம் கொந்தளித்துக்கொண்டிருந்த நாள்கள் அவை. டெல்டா உழவர் தண்ணீருக்காகத் தெருவில் நிற்கையில் இங்கே விளையாட்டு வேண்டுமா என்று கேட்டவர்களின் வேதனை நியாயமானது. அதை இன்றும் நான் குறைத்துப் பேச மாட்டேன். மைதானத்துக்குள் காலணிகள் வந்து விழுந்தன. கொல்கத்தாவின் 202 ஓட்டங்களைச் சென்னை ஒரு பந்து மீதமிருக்கத் தாண்டியது. அந்த ஆட்டத்துக்குப் பிறகு, போராட்டங்களின் காரணமாக, சேப்பாக்கத்தில் நடக்கவிருந்த மற்ற ஆறு ஆட்டங்களும் புனேக்கு மாற்றப்பட்டன. ஏறத்தாழ ஆயிரம் ரசிகர்களைச் சென்னையிலிருந்து புனேக்கு அழைத்துச் செல்ல விசில் போடு எக்ஸ்பிரஸ் என்ற தனி ரயிலே விடப்பட்டது. அங்கே நடந்த முதல் ஆட்டத்தில் ராஜஸ்தானுக்கு எதிராக வாட்சன் 106 ஓட்டங்கள் எடுத்தார்.

புனே ஆடுகளத்தில் பந்து நின்று வராது. மட்டைக்கு நேராக வரும், தொடக்கத்தில் சற்று வளையும். ஐந்து சுழற்பந்து வீச்சாளர்களை வைத்துப் போட்ட கணக்கு அங்கே செல்லாது. இந்த இடத்தில்தான் பட்டியலின் அடியில் இருந்த அந்த இரண்டு பெயர்கள் மேலே வந்தன. சஹரைத் தோனி பவர்பிளேயில் தொடர்ந்து மூன்று ஓவர்கள் வீச வைத்து முடித்துவிடுவார். அவர் எடுத்த 10 விக்கெட்டுகளும் அந்த முதல் ஆறு ஓவர்களுக்குள் வந்தவை. இங்கிடி பருவத்தின் தொடக்கத்தில் தந்தையை இழந்து ஊருக்குப் போனவர். ஏப்ரல் இறுதியில் திரும்பி வந்து ஏழு ஆட்டங்களில் 11 விக்கெட்டுகள் எடுத்தார். தாஹிர் ஆறு ஆட்டங்களோடு வெளியே அமர்ந்தார். சேப்பாக்கத்துக்காகக் கொண்டுவரப்பட்டவருக்குப் புனேயில் வேலை குறைந்துவிட்டது.

வயதைப் பற்றி ஒரு சொல். அனுபவசாலிகள் போதும், பயிற்சி தானாக வரும் என்று யாரும் இதிலிருந்து பாடம் எடுத்துக்கொள்ளக் கூடாது. இதே முதிய அணி 2020-இல் என்ன ஆனது? தொற்றுக் காலத்தில் பல மாதங்கள் ஆட்டமே இல்லை. ஆகஸ்டில் சேப்பாக்கத்தில் சில நாள் முகாம், பிறகு துபாய். அங்கே இறங்கியதும் குழுவில் 13 பேருக்குத் தொற்று. விடுதி அறைக்குள் முடங்கிய நாள்கள் நீண்டன. ரெய்னாவும் ஹர்பஜனும் விலகினார்கள். எட்டு அணிகளில் ஏழாவது இடம். வரலாற்றில் முதன்முறையாக அடுத்த சுற்றுக்குப் போகவில்லை. இளைஞனின் உடல் ஒரு வாரத்தில் பழைய ஓட்டத்துக்கு வந்துவிடும். 35 வயது உடலுக்குத் தொடர்ந்த ஆட்டம் வேண்டும். 2018-இல் அது இருந்தது, 2020-இல் இல்லை. என் கணிப்பில் இரண்டு பருவங்களுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே.

மீண்டும் 2018-க்கு வருகிறேன். மே 22, மும்பையில் முதல் தகுதிச் சுற்று. ஐதராபாத்துக்கு எதிராக 140 ஓட்டங்கள் தேவை. விக்கெட்டுகள் சரிந்துகொண்டே இருந்தன. பருவத்தின் பெரும்பகுதியை வெளியே கழித்த டு பிளெஸ்ஸி ஆட்டமிழக்காமல் 67. பந்து வீச்சாளர் ஷார்துல் தாகூர் 5 பந்துகளில் 15. இரண்டு விக்கெட்டுகள் மீதமிருக்க வெற்றி.

ஐந்து நாள் கழித்து அதே மைதானத்தில், அதே அணியோடு இறுதிப் போட்டி. ஹர்பஜனை வெளியே அமர்த்திவிட்டுக் கரண் சர்மாவை ஆட வைத்தார்கள். அவர் 47 ஓட்டங்களோடு நிலைத்து நின்ற வில்லியம்சனைத் தோனியின் கையால் ஸ்டம்பிங் செய்ய வைத்தார். இலக்கு 179. தொடக்க வீரராக இறங்கிய வாட்சன் முதல் பத்துப் பந்துகளில் ஓர் ஓட்டமும் எடுக்கவில்லை. இருபது ஓவர் ஆட்டத்தின் இறுதிப் போட்டியில் பத்துப் பந்துகள் வீணானால், எந்த மட்டையாளரும் பதறி ஒரு பந்தைத் தூக்கி அடித்து ஆட்டமிழப்பார். சனவரியில் 4 கோடிக்கு வாங்கப்பட்ட நாள் முதல், தொடக்கத்தில் நின்று ஆடுவதே தம் வேலை என்று அறிந்திருந்த அந்த மனிதர் பதறவில்லை. பதினோராவது பந்தில் முதல் ஓட்டம் வந்தது. அவர் சந்தித்த பந்துகள் மொத்தம் 57. எடுத்த ஓட்டங்கள் 117. கடைசி வரை ஆட்டமிழக்கவில்லை.