சிம்சன் கொள்கையைக் காத்தவரே

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

ஜெர்மானிய நீதிபதியும் அரசியல் தலைவருமான எடுவர்ட் சிம்சன், 1849 ஆம் ஆண்டின் அரசியலமைப்புக் கொள்கையைக் காத்தாரா, கைவிட்டாரா என்பது இன்றைய வழக்கு. கைவிட்டார் என்று வாதிட்ட நண்பர் இரண்டு காட்சிகளை நம் முன் வைத்தார். 1849 ஏப்ரல் 3 அன்று, மக்கள் பிரதிநிதிகள் வகுத்த அரசியலமைப்போடு பெர்லின் அரண்மனைக்குச் சென்று, ஜெர்மன் நாடுகளில் ஒன்றான பிரஷ்யாவின் மன்னருக்கு ஜெர்மன் பேரரசர் முடியை அளிக்க முன்வந்தார் சிம்சன். 1870 டிசம்பர் 18 அன்று, அடிப்படை உரிமைகள் இடம்பெறாத அரசியலமைப்பைக் கொண்ட பேரரசுக்காக, பிரான்சின் வெர்சாயில் அடுத்த பிரஷ்ய மன்னர் முதலாம் வில்ஹெல்ம் முன் நின்று முடியை ஏற்குமாறு வேண்டினார். முதலாவது உரிமை, இரண்டாவது சரணாகதி என்பது நண்பரின் முடிவு. அந்த முடிவை நான் முழுமையாக மறுக்கிறேன்.

முதல் காட்சியில் என்ன நடந்தது? பிராங்பர்ட் பவுல் தேவாலயத்தில் கூடிய தேசியப் பேரவைக்கு 1848 டிசம்பரில் தலைவரான சிம்சன், கோனிக்ஸ்பெர்க்கில் சட்டப் பேராசிரியராகவும் நீதிபதியாகவும் இருந்தவர். பேரவையில் 290 பேர் பிரஷ்ய மன்னர் நான்காம் பிரெடரிக் வில்ஹெல்மைப் பேரரசராக்க வாக்களித்தனர். 248 பேர் வாக்களிக்காமல் விலகி நின்றனர். மன்னரோ, மக்கள் தரும் முடியை ஏற்க மறுத்தார். அந்த மறுப்பே அரசியலமைப்பைச் சாய்த்தது. சாய்த்தவரை விட்டுவிட்டு, சுமந்து சென்றவர்மீது பழி போடுவது நியாயமாகாது. பின்னர் ஒடுக்குமுறை ஓங்கிய 1850களின் பெரும்பகுதியில் சிம்சன் அரசியலை விட்டே ஒதுங்கியிருந்தார். பதவிக்காக நிறம் மாறுகிறவர் வளைந்து கொடுப்பதற்கு அதைவிட வசதியான காலம் கிடையாது.

இனி வெர்சாய். அங்கே முதலாம் வில்ஹெல்மின் மனநிலையை நண்பர் சொல்லாமல் விட்டார். பவேரிய மன்னர் உள்ளிட்ட அரசர்களின் இசைவு கிடைக்கும் முன் நாடாளுமன்றத் தூதுக்குழுவைச் சந்திக்கவே அவர் தயங்கினார். முடி அரசர்களின் கையிலிருந்தே வர வேண்டும் என்பது அவருடைய எண்ணம். ஒரு மாதம் கழித்து, 1871 ஜனவரி 18 அன்று கண்ணாடி மண்டபத்தில் நடந்த பேரரசுப் பிரகடனத்தில் அரசர்களும் இளவரசர்களும் படை அதிகாரிகளுமே நிறைந்திருந்தார்கள். ஆக, அந்தப் பேரரசு உருவான நிகழ்வுகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் குரல் வெர்சாயில் ஒலித்த நாள் என்று ஒன்று இருந்தால், அது சிம்சன் போய் நின்ற அந்த டிசம்பர் நாள்தான். அவர் போக மறுத்திருந்தால் பேரரசு எழாமல் நின்றிருக்குமா? நின்றிருக்காது, நாடாளுமன்றத்தின் தடயம் சிறிதும் இல்லாமல் எழுந்திருக்கும். 21 ஆண்டுகளுக்கு முன் அவமதிக்கப்பட்ட அதே கோரிக்கையை, அதே மனிதர், மீண்டும் மக்கள் மன்றத்தின் பெயராலேயே முன்வைத்தார் என்பதில் எனக்குத் தெரிவது கொள்கை உறுதி.

கொள்கையின் உள்ளடக்கம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அது நியாயமான கேள்வி. பிராங்பர்ட் பேரவை 1849 இல் இயற்றிய தேர்தல் சட்டத்தின் அடிப்படையிலேயே, 25 வயது நிரம்பிய ஆண்கள் வாக்களித்து 1867 இல், பேரரசுக்கு முந்தைய வட ஜெர்மன் கூட்டமைப்பின் நாடாளுமன்றத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்குத் தலைவரானவர் சிம்சன். குடிமகனின் உரிமையை மதம் குறைக்கக் கூடாது என்ற பிராங்பர்ட் விதி, 1869 ஜூலை 3 ஆம் நாள் சட்டமாக மீண்டும் உயிர்பெற்றபோதும் அந்த மன்றத்தின் தலைவர் அவரே. யூதக் குடும்பத்தில் பிறந்து 1823 இல் ஞானஸ்நானம் பெற்றவர் அவர். பெறாமல் இருந்திருந்தால் அன்றைய பிரஷ்யாவில் பேராசிரியராகவோ நீதிபதியாகவோ ஆகியிருக்க முடியாது. அப்படிப்பட்டவர் அந்தச் சட்டம் நிறைவேறிய மன்றத்துக்குத் தலைமை ஏற்றிருந்ததை எண்ணும்போது என் நெஞ்சம் நெகிழ்கிறது.

1888 இல் கிடைத்த பிரபுப் பட்டத்தையும் நண்பர் குற்றமாகச் சொன்னார். 77 வயதில், தாராளவாதிகள் நம்பிக்கை வைத்திருந்த பேரரசர் மூன்றாம் பிரெடரிக்கின் கையால் வந்த விருதோடு அமைந்த பட்டம் அது. அதற்கு ஈடாக அவர் எதையும் விற்கவில்லை.

நீதிமன்றப் பணியை எதிரணி தொடவே இல்லை. எனக்கோ அதுதான் தலையாய சான்று. நீதி அதிகாரத்தை நீதிமன்றங்களே சுதந்திரமாகச் செலுத்த வேண்டும், அமைச்சரவை அதில் தலையிடக் கூடாது என்று 1849 அரசியலமைப்பின் 175 ஆம் பிரிவு சொன்னது. 1877 ஆம் ஆண்டின் நீதிமன்ற அமைப்புச் சட்டம், சட்டத்துக்கு மட்டுமே கட்டுப்பட்ட சுதந்திரமான நீதிமன்றங்கள் என்று தன் முதல் பிரிவிலேயே அதை நிலைநாட்டியது. அந்தச் சட்டத்தின்படி 1879 அக்டோபர் 1 அன்று லைப்சிக்கில் தொடங்கிய பேரரசு உச்ச நீதிமன்றத்தின் முதல் தலைவராகி, 1891 வரை பணியாற்றினார் சிம்சன். உரிமை மீறலுக்காகக் குடிமகன் நேரே முறையிடலாம் என்று 1849 இல் எண்ணிய வழி இந்த நீதிமன்றத்தில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த வழியை அடைத்தது பேரரசின் அரசியலமைப்பு. நீதிமன்றத் தலைவருக்கு அதைத் திறக்கும் அதிகாரம் இல்லை.

ஆகவே நடுவர் அவர்களே, எதிரணியிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். காப்பாற்றும் அதிகாரம் தம் கையில் இருந்தும் சிம்சன் மனமறிந்து விட்டுக்கொடுத்த 1849 ஆம் ஆண்டுப் பிரிவு எது என்று எண்ணைச் சொல்லட்டும். அதைக் கேட்ட பிறகு தாங்கள் தீர்ப்பளியுங்கள். நன்றி, வணக்கம்.