பப் இல்லாத ஊருக்கு ஒரு பெரிய ஹால்

எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு ஒரே ஒரு கட்டிடத்தைப் பத்திதான் பேசப்போறேன். இங்கிலாந்துல யார்க்‌ஷயர் பக்கம், பிராட்ஃபோர்டை ஒட்டி சால்ட்டேர்னு ஒரு சின்ன ஊர், அங்க இப்ப விக்டோரியா ஹால்னு சொல்ற கட்டிடம். கட்டினப்ப வச்ச பேரு சால்ட்டேர் கிளப் அண்ட் இன்ஸ்டிட்யூட். 1867ல ஆரம்பிச்சு 1871ல முடிச்சாங்க, செலவு 25,000 பவுண்டு. அந்தக் காலத்து பவுண்டு, பாத்துக்கோங்க.

விக்டோரியா ராணி காலத்துல இந்த மாதிரி இன்ஸ்டிட்யூட் அங்க ஊர் ஊருக்கு இருந்துச்சு. வேலை முடிஞ்சு வர்ற தொழிலாளி பேப்பர் படிக்கலாம், புக் எடுக்கலாம், லெக்சர் கேக்கலாம். பெரும்பாலும் சந்தா வசூல் பண்ணி நடத்துவாங்க. சால்ட்டேர்ல அந்தக் கதையே வேற, மொத்தத்தையும் கட்டிக்கொடுத்தது ஒரே ஆள், மில் முதலாளி டைட்டஸ் சால்ட்.

மனுஷன் யாரும் சீந்தாம கிடந்த பெரு நாட்டு அல்பாகாங்கற ஆட்டு மாதிரி மிருகத்தோட ரோமத்தை நூலாக்கி பணக்காரர் ஆனவர். 1848ல பிராட்ஃபோர்டு மேயர், அடுத்த வருஷமே அங்க காலரா, ஊரே புகையும் சாக்கடையுமா இருந்துச்சு. அதைவிட்டு வெளிய வந்து ஏர் நதிக்கரையில 1853ல புது மில் திறந்தார், அதைச் சுத்தி வீடு, சர்ச், ஆஸ்பத்திரி, வயசானவங்களுக்கு தனி வீடுன்னு ஒவ்வொண்ணா கட்டிக்கிட்டே போனார், நிறைய தெருவுக்கு பொண்டாட்டி புள்ளைங்க பேரை வச்சார். ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் இடம் கொடுக்கல. பப்.

அதுக்கு பதிலாத்தான் இந்த இன்ஸ்டிட்யூட்டே. பப்ல கிடைக்கிற நல்லதெல்லாம் இங்க இருக்கும், கெட்டது இருக்காதுங்கறதுதான் அவரோட கணக்கு. உள்ள போனா லைப்ரரி, ரீடிங் ரூம், லேப், ஓவிய வகுப்பு, பில்லியர்ட்ஸ், ஜிம், 800 பேர் உக்காரக்கூடிய ஹால். துப்பாக்கி டிரில் பண்ணக்கூட ஒரு ரூம்! குடியைத் தவிர எல்லாம் ஓகே போல.

இப்ப கட்டிட விஷயம். லாக்வுட் அண்ட் மாசன்னு பிராட்ஃபோர்டு ஆர்க்கிடெக்ட் கம்பெனி, மில்லு, வீடு, சர்ச்சுன்னு ஊர் முழுக்க அவங்க கைதான். எல்லாமே இத்தாலியன் ஸ்டைல். 1868ல ரெண்டாவதா கட்டின மில்லு, நியூ மில்னு பேரு, அதோட சிம்னி இருக்கே, அது வெனிஸ்ல ஃப்ராரி சர்ச் மணிக்கூண்டைப் பாத்து பண்ணது, புகை போற குழாய்க்கு அவ்ளோ அலங்காரம். இன்ஸ்டிட்யூட்டுக்கும் அதே உள்ளூர் மணற்கல், மேல வளைஞ்ச ஜன்னல், நடுவுல கோபுரம், வாசலுக்கு மேல கலையும் அறிவியலும் ரெண்டு உருவமா செதுக்கியிருக்கு. எதிர்ல ரோட்டுக்கு அந்தப்பக்கம் ஸ்கூல். ரெண்டுக்கும் முன்னாடி ஜோடி ஜோடியா நாலு கல் சிங்கம், சிற்பி தாமஸ் மில்ன்ஸ் செஞ்சது. ஒவ்வொண்ணுக்கும் பேரு உண்டு: போர், சமாதானம், விழிப்பு, உறுதி. லண்டன் ட்ரஃபால்கர் சதுக்கத்துக்குப் போகவேண்டிய சிங்கம்னு ஊர்ல சொல்லுவாங்க. நான் அதை ரொம்ப நம்பறதில்ல, அங்க இருக்கறது லாண்ட்சீர்ங்கற கலைஞரோட வெண்கல சிங்கம், சைஸே வேற. ஆனா எந்த ஊர்க்காரன் தன் சிங்கத்தை விட்டுக்கொடுப்பான்.

எனக்கு உறுத்தறது வேற ஒண்ணு. கீழ மில், மேல ஏறிவந்தா ஸ்கூல், இன்ஸ்டிட்யூட், இன்னும் மேல ஆஸ்பத்திரி, முதியோர் வீடு, எல்லாமே விக்டோரியா ரோடு ஒண்ணுலயே. புள்ளையா ஸ்கூலுக்கு போறதுல இருந்து கடைசிகாலம் வரைக்கும் முதலாளி கட்டின கூரைக்கு கீழதான். பப்னா குடி மட்டுமா, முதலாளி காதுல விழாம நாலு பேர் சம்பளத்தைப் பத்தி பேசற இடமும் அதுதானே. லைப்ரரி கொடுத்தது உண்மை, நல்ல லைப்ரரிதான், ஆனா கூடிப்பேசற இடத்தையும் அவரே கையில வச்சுக்கிட்டார்னுதான் நான் சொல்லுவேன். நன்றிகெட்ட பேச்சுன்னு நினைச்சா நினைச்சுக்கோங்க.

சால்ட் 1876ல போயிட்டார். மில் 1986ல மூடிட்டாங்க, அடுத்த வருஷம் கைமாறி, இப்ப அதுக்குள்ள ஓவியர் டேவிட் ஹாக்னியோட ஓவியம் மாட்டியிருக்கு. 2001ல ஊரே உலக பாரம்பரிய சின்னம். ஹால்ல இப்ப கல்யாணம், கச்சேரி எல்லாம் நடக்குது. அதே விக்டோரியா ரோட்டுல பிற்பாடு ஒரு பார் வந்துச்சு, அதுக்கு அவங்க வச்ச பேரு 'டைட்டஸ்கிட்ட சொல்லிடாதீங்க'.