கோவேறு கழுதையும் பாதி வாரமும்

நேயர்களுக்கு வணக்கம். இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது, ஹிலரி ஜோர்டன் எழுதி 2008ஆம் ஆண்டில் வெளிவந்த 'மட்பவுண்ட்' என்னும் நாவல். அது நடப்பது 1946இல், அமெரிக்காவின் மிசிசிப்பி டெல்டாவில். அங்கே ஒரு பருத்திப் பண்ணையை வாங்கும் ஹென்றி என்ற வெள்ளையர், மெம்பிஸ் நகரத்தில் வளர்ந்த தம் மனைவி லாராவை, மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாத ஒரு வீட்டில் குடியமர்த்துகிறார். மழை வலுத்து ஆறு பெருகினால் பாலம் முழுகிவிடும். சேற்றில் மாட்டிக்கொண்ட இடம் என்ற பொருள்படப் பண்ணைக்கு அந்தப் பெயரைச் சூட்டுபவர் லாராதான்.

அதே நிலத்தில் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் ஒரு பங்கை நில உடைமையாளருக்குக் கொடுக்கும் ஏற்பாட்டில், உழுபவர் ஹாப் ஜாக்சன் என்ற கறுப்பினத்தவர். வார விவசாயத்தின் கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் இந்த நாவலைப் படிப்பதில் பயனில்லை என்பேன். உழுவதற்குச் சொந்தமாகக் கோவேறு கழுதை வைத்திருப்பவர் விளைச்சலில் கால் பங்கை நில உடைமையாளருக்குக் கொடுத்தால் போதும். அது இல்லாதவர் பாதியை அளக்க வேண்டும். ஹாப் ஏணியிலிருந்து விழுந்து கால் முறிந்து கிடக்கிறார். அவருடைய கழுதையும் இறந்துபோகிறது. தம் கழுதையை வைத்து உழுதுகொள்ளுமாறு ஹென்றி சொல்கிறார். அந்த ஒரு சொல்லில் கால் வாரம் பாதி வாரமாகிவிடுகிறது. ஹென்றி கொடியவர் அல்லர். வழக்கப்படி நடப்பவர், அவ்வளவுதான். அதனாலேயே அவரை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஹாப்பின் மூத்த மகன் ரான்செல், கறுப்பின வீரர்களைக் கொண்ட 761ஆம் டாங்கிப் படைப்பிரிவில் சார்ஜெண்டாக இருந்தவன். ஐரோப்பியப் போர்முனையில் 183 நாட்கள் நின்ற அந்தப் படைப்பிரிவு வரலாற்றில் உண்மையாகவே இருந்தது. டாங்கியைச் செலுத்தச் சொல்லிக் கட்டளையிட்டவன் ஊர் திரும்பியதும், கடையின் முன்வாசல் வழியே வெளியேற முயன்றதற்காகத் தடுக்கப்பட்டு, பின்வாசலுக்கு அனுப்பப்படுகிறான். இது கதாசிரியரின் மிகையன்று. 1946 பிப்ரவரியில், தென் கரோலினாவில், படையிலிருந்து விடுவிக்கப்பட்டுச் சீருடையிலேயே பேருந்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்த ஐசக் வுடார்டு என்ற கறுப்பின வீரரைப் போலீசார் தாக்கியதில் அவருடைய இரு கண்களும் பார்வையிழந்தன. படைகளில் இனப் பாகுபாட்டை நீக்கும் ஆணையில் அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்டது 1948 ஜூலையில்தான்.

ஹென்றியின் தம்பி ஜேமி குண்டுவீச்சு விமானி. இரவுகளில் தூங்க முடியாமல் குடிப்பவன். அவனும் ரான்செலும் நண்பர்களாகிறார்கள். லாரியின் முன்னிருக்கையில் இருவரும் அருகருகே உட்கார்ந்து போனதுதான் ஊரின் கண்ணை உறுத்துகிறது. அதற்குப்பின் நடப்பதை நீங்களே படித்துக்கொள்ள வேண்டும்.

ஆறு பேர் மாறிமாறித் தம் வாய்மொழியாகச் சொல்லும் கதை இது. இனவெறியின் உருவமான ஹென்றியின் தந்தைக்கு மட்டும் அந்த வாய்ப்பைத் தர ஆசிரியர் மறுத்துவிட்டார். ஆனால், நாவல் தொடங்குவதே அவருக்குக் குழி வெட்டுவதில்தான். அடுத்த மழைக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று மகன்கள் அவசரமாகத் தோண்டுகிறார்கள். கொஞ்ச ஆழத்தில் மண்வெட்டியில் ஒரு மண்டை ஓடு தட்டுப்படுகிறது, அதன்பின் ஒரு கால் விலங்கும். அடிமை ஒருவரின் புதைகுழியைத்தான் அவர்கள் தந்தைக்காகத் தோண்டியிருக்கிறார்கள்.