வாத்தியார் யாரிடம் மனம் திறப்பார்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

நாடகக் குழுத் தலைவருக்கு மனத்துணை கிடைப்பது குழுவுக்கு உள்ளேயா, வெளியேயா என்பது கேள்வி. வெளியேதான் என்பது எங்கள் அணி. எதிரணித் தோழர் "குழுதான் குடும்பம்" என்று சொல்லி, நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளைக் காட்டினார். 1922இல் பாண்டிச்சேரியில் சுவாமிகள் கண்மூடியபோது உடனிருந்தது அவருடைய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்றார். சரி. ஆனால் பெயரிலேயே இருக்கிறதே, அது பாலர் சபை! அதில் நடித்த டி.கே. சண்முகத்துக்கு அப்போது பத்து வயது. அந்தப் பிள்ளைகள் அன்பைக் கொட்டியிருப்பார்கள். கம்பெனிக் கவலையை அவர்கள் தலையில் இறக்க முடியுமா?

பெரியவர்கள் ஆடும் குழுவுக்கு வருவோம். வட மாவட்டத் தெருக்கூத்துக் குழுவுக்கு ஜமா என்று பெயர், அதன் தலைவர்தான் வாத்தியார். ஊர்க்காரர்களிடம் அட்வான்ஸ் வாங்குவது அவர். ஆட்டக்காரர்களுக்கு அட்வான்ஸ் கொடுப்பதும் அவர்தான். யாருக்கு அர்ச்சுனன் வேஷம், யாருக்குக் கட்டியங்காரன் என்பதும் அவர் முடிவு. "அடுத்த வருஷம் ஜமாவை நடத்த முடியுமான்னு தெரியலைப்பா" என்று மிருதங்கக்காரரிடம் ஒரு வார்த்தை விட்டால் போதும். பொழுது விடிவதற்குள் பாதிப் பேர் வேறு ஜமாவுக்குத் தூது விட்டிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டும்.

வீட்டில் சொல்லலாமே என்பீர்கள். மனைவியின் நகை சீசனுக்கு முன்பே அடகுக் கடைக்குப் போயிருக்கும். அங்கே போய் என்னத்தைச் சொல்ல?

2020 பங்குனியில், சீசன் சூடு பிடிக்கிற நேரத்தில், ஊரடங்கு வந்தது. ஆடி வரைக்கும் திருவிழா இல்லை, கூத்தும் இல்லை. வாங்கிய அட்வான்ஸுக்கு ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும். கொடுத்த அட்வான்ஸைப் பட்டினி கிடக்கும் ஆட்டக்காரரிடம் எந்த வாயால் திருப்பிக் கேட்பது? இதை விளக்கமே இல்லாமல் புரிந்துகொள்ளக்கூடியவர் ஒருவர்தான்: பக்கத்து ஊர் ஜமாவின் வாத்தியார்.

அவர் போட்டிக்காரர் ஆயிற்றே என்று எதிரணி கேட்கும். ஆமாம், ஒரே திரௌபதி அம்மன் கோயில் கூத்துக்கு இரண்டு பேரும் முட்டிக்கொள்வார்கள். ஆனால் நன்றாகப் பழக்கிவிட்ட ஆள் நடு சீசனில் கழன்றுகொண்டால் எப்படி வலிக்கும் என்று அவருக்கும் தெரியும். அவர் முன்னால் உடைந்து அழுதாலும் யாருடைய கூலியும் ஆட்டம் காணாது. ராத்திரி போனை எடுத்து "அண்ணே, தாங்கலை" என்று சொல்ல ஓர் அண்ணன் இருக்கிறார்.

எதிரணியில் அடுத்து வருபவர் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். நாளைக்குக் கூலி கொடுக்கப் பணமில்லாத வாத்தியார், அந்தக் கூலிக்குக் காத்திருப்பவரிடமே போய் ஆறுதல் கேட்க வேண்டுமா?

நன்றி, வணக்கம்.